சாவி யார் கையில்? போன், பேக்கப், உரையாடல்களுக்கு மறையாக்கம் அமைக்கும் முழு வழிகாட்டி

தனியுரிமை வேண்டும் என்று தோன்றியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது சிக்னல் என்ற உரையாடல் செயலியை இறக்கிக்கொள்வது. கூடவே நாலு நண்பர்களையும் அதற்குள் இழுத்துவிடுவார்கள். போனின் பின் (PIN) எண் பிறந்த வருடமாகவே இருக்கும். பழைய வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும் கிளவுடில் திறந்தே கிடக்கும். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால் வரும் சிக்கல் இது.

மறையாக்கம் (என்கிரிப்ஷன்) என்பது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைப்பது. ஒருவருடைய தகவல் வேண்டுமென்றால் பொதுவாக எந்த அரசும் மறையாக்கத்தின் கணக்கை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சாவி எந்த நிறுவனத்திடம் இருக்கிறதோ அங்கே சட்டப்படி ஓர் ஆணையோடு போனால் போதும். அதே நிறுவனத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைபவருக்கும் அதே சாவி கிடைக்கும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: இதன் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? வேறு யாரிடமாவது இருந்தால் அதை உங்கள் கைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பித்தான் இருக்கிறது.

தொடங்கும் முன் தேவையானவை

காகிதமும் பேனாவும். சிரிக்க வேண்டாம், மீட்புச் சாவிகள் (கடவுச்சொல் கைவிட்டாலும் திறக்க உதவும் நீண்ட குறியீடுகள்) நாலைந்து வரப்போகின்றன. அவற்றைப் போட்டோ எடுத்து வைப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அந்தப் போட்டோ நிமிடத்தில் கிளவுடுக்குப் போய்விடும், சாவியும் அதோடு போய்விடும்.

முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில். வட்டை மறையாக்கம் செய்யும்போது பாதியில் மின்சாரம் போனாலோ, மீட்புச் சாவியைத் தவறாக எழுதியிருந்தாலோ காப்பாற்றப்போவது அதுதான். எல்லாம் முடிந்தபிறகு அந்த நகலையும் மறையாக்கம் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அவசரமில்லாத அரை நாள். பயணம் கிளம்பும் முந்தைய இரவில் இதைத் தொடங்காதீர்கள்.

1. யாரிடமிருந்து, எதைக் காக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

மூன்று வரி போதும். என்ன தகவல், யாருக்குப் போகக்கூடாது, போனால் என்ன நஷ்டம். இதை எழுதாமல் தொடங்குபவர்கள் எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் நிறுவிவிட்டு, இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி எதற்குப் பயன்படும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் வழியாகப் போகும் தகவல் கோரிக்கை, மொத்தமாக நடக்கும் கண்காணிப்பு, சர்வர் ஊடுருவல், போன் திருட்டு ஆகியவற்றுக்கு இது உதவும். உங்களையே குறிவைத்து பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளைப் போனுக்குள் இறக்குபவர்களுக்கு எதிராக இது போதாது. அந்த மென்பொருள் உங்கள் கண் பார்க்கும் திரையையே பார்க்கிறது. மறையாக்கம் அங்கே குறுக்கே நிற்பதில்லை. அப்படிப்பட்ட ஆபத்து இருப்பவர்கள் ஐபோனில் லாக்டவுன் மோடையும், ஆண்ட்ராய்டு 16 முதல் உள்ள அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷனையும் இயக்கிவிட்டு, தனியாக நிபுணர் உதவி தேடுவது நல்லது.

சட்டமும் ஒரு எல்லைதான். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தபின் கடவுச்சொல்லைத் தர மறுப்பதையே குற்றமாக்குகிறது. வேறு நாடுகளில் விதி வேறு. நீங்கள் இருக்கும் இடத்தில் எது சட்டம் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே போங்கள்.

2. மின்னஞ்சல் கணக்கிலிருந்து கடவுச்சொற்களைச் சரிசெய்யுங்கள்

ஏன் மின்னஞ்சல் முதலில்? மற்ற எல்லாக் கணக்குகளின் "கடவுச்சொல் மறந்துவிட்டது" இணைப்பும் அங்கேதான் வந்து விழுகிறது. அதைத் திறந்தவர் மற்றதையும் திறந்துவிடலாம்.

ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் (எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் செயலி) வையுங்கள். கிளவுடில் ஒத்திசைய வேண்டுமானால் பிட்வார்டன், கருவியிலேயே இருந்தால் போதுமென்றால் கீபாஸ்எக்ஸ்சி. இரண்டுமே திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் பார்த்துச் சோதிக்கலாம். அதற்கான முதன்மைக் கடவுச்சொல்லை மூளையில் யோசித்து உருவாக்காதீர்கள். மனிதர்கள் தற்செயல் என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பது அநேகமாக ஊகிக்கக்கூடியதாகவே இருக்கும். பகடை உருட்டிச் சொற்களை எடுக்கும் முறைதான் சரி. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு வெளியிட்ட பட்டியலில் 7776 சொற்கள் உள்ளன. ஐந்து பகடைக்கு ஒரு சொல். அப்படி ஆறு சொற்கள் எடுத்தால் ஏறத்தாழ 77 பிட் வலிமை (77 இரண்டுகளைப் பெருக்கினால் வரும் அளவு வாய்ப்புகள்) கிடைக்கும். சரியாக மறையாக்கம் செய்த பெட்டகத்தை அடுத்தடுத்து முயன்று திறக்கப் பார்ப்பவருக்கு அது எட்டாத எண்ணிக்கை.

தமிழ்ச் சொற்களை வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது "பழம்" என்பதன் ழகரத்தை இன்று ஒரு மாதிரியும் அடுத்த மாதம் வேறு மாதிரியும் அடிப்பீர்கள். தமிழ் எழுத்திலேயே வைத்தால் இன்னொரு சிக்கல்: கணினி தொடங்கும்போது வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் திரையில் தமிழ் விசைப்பலகை இருக்காது. எந்த எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதை அப்படியே காகிதத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு. எஸ்எம்எஸ் ஓடிபியைக் கடைசி விருப்பமாக வையுங்கள். உங்கள் எண்ணுக்கு நகல் சிம் வாங்கியவருக்கும் அந்த ஓடிபி போகும். எஸ்எம்எஸ்ஸை தொலைத்தொடர்பு நிறுவனமும் படிக்க முடியும். பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் கருவி வைத்திருக்கும் உள்நுழைவுச் சாவி), பாதுகாப்புச் சாவி (கணினியில் செருகும் சிறு கருவி), அல்லது அங்கீகாரச் செயலி (மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைத் தரும் செயலி), இந்த வரிசையில் எது கிடைக்கிறதோ அது. இவை கையில் இல்லாதபோது நுழைய மாற்றுக் குறியீடுகள் தருவார்கள், காகிதத்தில் ஏற்றுங்கள். அங்கீகாரச் செயலி ஒரே போனில் இருந்து, அந்தப் போன் தொலைந்து, குறியீடும் எழுதாமல் விட்டவர்கள் கணக்கையே இழந்திருக்கிறார்கள்.

3. போனையும் கணினியையும் பூட்டுங்கள்

இப்போதைய ஐபோன்கள் எல்லாமே தானாக மறையாக்கத்தோடுதான் வருகின்றன. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வெளிவந்த போன்களுக்கும் அது கட்டாயம். ஆக, இங்கே மறையாக்கத்தை இயக்குவது வேலை இல்லை. பின் எண்ணை நீளமாக்குவதுதான் வேலை. நாலு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்பு, ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். எழுத்தும் எண்ணும் கலந்து எட்டுக்கு மேல் போனால் போனைத் திறக்கும் கருவிகளுக்குக் கடினமாகிவிடும்.

நீளமான பின்னைத் தினமும் ஐம்பது முறை அடிக்க முடியாது என்பது நியாயம்தான். அதற்குத்தான் கைரேகை. ஆனால் தூங்கும்போதோ வற்புறுத்தியோ விரலை வைக்கச் செய்ய முடியும். எனவே கைரேகையை உடனே முடக்கும் வழியைப் பழகிக்கொள்ளுங்கள். ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அடுத்த முறை பின் மட்டுமே ஏற்கும். ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் லாக்டவுன் என்று ஒரு தேர்வு உண்டு.

போனை முழுதாக அணைத்து வைப்பது இன்னும் நல்லது. அணைத்து இயக்கியபின் முதல்முறை பின் அடிக்கும்வரை பெரும்பாலான கோப்புகளின் சாவி நினைவகத்திலேயே இருக்காது. ஒருமுறை திறந்துவிட்டால், திரை பூட்டியிருந்தாலும் பல சாவிகள் உள்ளே தயாராக இருக்கும். திருட்டு, பறிமுதல் போன்ற ஆபத்து உள்ள இடத்தைக் கடக்கும்போது பூட்டிய போனைவிட அணைத்த போன் மேல் என்பதன் காரணம் இதுதான்.

கணினிக்கு வருவோம். வட்டை மறையாக்கம் செய்ய மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ், விண்டோஸில் பிட்லாக்கர். லினக்ஸில் இதை நிறுவும்போதே தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்றுவது தலைவலி. எஸ்எஸ்டி வட்டுகளில் அழித்த கோப்பின் மிச்சம் உள்ளே தங்கக்கூடும் என்பதால், புதுக் கணினி வாங்கினால் கோப்புகளை ஏற்றும் முன்பே மறையாக்கத்தை இயக்குங்கள்.

விண்டோஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியை அமைத்தால் 48 இலக்க மீட்புச் சாவி வழக்கமாக அந்தக் கணக்கிலேயே போய்ச் சேர்ந்துவிடும். வட்டு பூட்டப்பட்டிருக்கிறது, சரி. சாவியின் நகல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. லேப்டாப் திருட்டுக்கு மட்டும் பயப்படுபவருக்கு இது வசதிதான், அப்படியே விடலாம். முதல் படியில் நீங்கள் எழுதிய மூன்று வரியில் அரசின் ஆணை பற்றிய கவலை இருந்தால், ப்ரோ பதிப்பில் பிட்லாக்கரை அணைத்து மறுபடி இயக்கி, புதிய சாவியைக் காகிதத்தில் மட்டும் எடுங்கள். பழைய சாவியைக் கணக்குப் பக்கத்தில் அழிப்பதோடு நிறுத்தினால், ஏற்கெனவே நகலெடுத்தவருக்கு அது செல்லுபடியாகவே இருக்கும்.

4. பேக்கப்பைப் பூட்டுங்கள்

அவசரமாக இருந்தால் மற்ற படிகளை மேலோட்டமாகச் செய்யுங்கள், இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். உரையாடல் செயலி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், அதன் நகல் திறந்த பேக்கப்பில் இருந்தால் இறுக்கம் வீண்.

வாட்ஸ்அப்: அமைப்புகளில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப், அதற்குள் முனைக்கு முனை மறையாக்கம் (end-to-end: சாவி பயனர்களிடம் மட்டுமே இருக்கும், நடுவில் உள்ள நிறுவனத்தால் திறக்க முடியாது) செய்த பேக்கப். 2021 முதல் இந்த வசதி இருக்கிறது, ஆனால் நீங்களே இயக்க வேண்டும். கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். சாவியை எடுத்தால் எழுதி வையுங்கள். தொலைத்தால் நிறுவனமும் மீட்டுத்தர முடியாது. முடியாது என்பதால்தான் அதை நம்பலாம்.

ஐபோனில் இதோடு முடிவதில்லை. போன் முழுவதற்கும் ஐகிளவுட் பேக்கப் இயங்கினால், வாட்ஸ்அப் உரையாடலின் மறையாக்கம் இல்லாத நகல் ஒன்று அந்த வழியாகவும் போகிறது. வாட்ஸ்அப்பில் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கு இந்தப் பின்வாசல் தெரிவதே இல்லை. ஒன்று, அந்த முழு பேக்கப்பை நிறுத்துங்கள். இல்லையேல் அடுத்த பத்தியில் உள்ளதைச் செய்யுங்கள்.

ஆப்பிளின் அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன், சுருக்கமாக ஏடிபி, 2022 டிசம்பரில் வந்தது. இதை இயக்காதவரை ஐகிளவுட் பேக்கப்பின் சாவி ஆப்பிளிடமும் இருக்கும். ஐமெசேஜ் உரையாடலைத் திறக்கும் சாவியும் அதற்குள் சேர்ந்திருக்கும். இயக்கினால் பேக்கப், போட்டோ, குறிப்புகள் எல்லாவற்றின் சாவியும் உங்கள் கருவிகளுக்கு வந்துவிடும். மின்னஞ்சல், தொடர்புகள், காலண்டர் மூன்றும் மட்டும் விலக்கு. முக்கியமான முன் தேவைகள் இரண்டு: அதே கணக்கில் உள்ள எல்லாக் கருவிகளையும் புதுப்பித்திருக்க வேண்டும், மீட்புச் சாவியோ மீட்பு உதவிக்கு ஒரு நம்பகமான ஆளோ வேண்டும். அலமாரியில் கிடக்கும் பழைய ஐபேடு ஒன்று இங்கே வந்து தடுக்கும். அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பிரிட்டனில் புதிதாக ஏடிபியை இயக்க முடியாது. மறையாக்கத்துக்குள் வழி வேண்டும் என்று அந்நாட்டு அரசு ஆணையிட்டதாகச் செய்தி வந்ததைத் தொடர்ந்து, 2025 பிப்ரவரியில் ஆப்பிள் அங்கே புதியவர்களுக்கு அதை விலக்கிக்கொண்டது. ஒரு நிறுவனம் தரும் வசதியை ஓர் அரசு ஒரே ஆணையில் மறையச் செய்யலாம் என்பதால், முக்கியமான கோப்புகளை நிறுவனத்தின் பூட்டை மட்டும் நம்பி வைக்காமல் நீங்களே பூட்டி ஏற்றுங்கள். கிரிப்டோமேட்டர் இதற்கு எளிது: ஒரு பெட்டகத்தை உருவாக்கி, கோப்புகளை அதில் போட்டால், கிளவுடுக்குப் போவது மறையாக்கம் செய்த வடிவம்தான். பென் டிரைவுக்கு வெராகிரிப்ட்.

ஆண்ட்ராய்டில் செயலித் தரவின் பேக்கப் உங்கள் திரைப் பூட்டால் மறையாக்கம் ஆகிறது. மூன்றாம் படியில் பின்னை நீளமாக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கூகிள் போட்டோஸ் அதில் சேராது. அந்தரங்கமான படங்களை ஒத்திசைவிலிருந்து விலக்கி வையுங்கள்.

கடைசியாக, எதிர்முனை. உங்களோடு பேசுபவர் தன் பேக்கப்பைத் திறந்தே வைத்திருந்தால் உங்கள் செய்தியும் அங்கே திறந்திருக்கிறது. முக்கியமானவர்களிடம் போனை வாங்கி, இந்த ஒரு அமைப்பை மட்டும் நீங்களே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிடுங்கள். விளக்கிச் சொன்னால் தலையாட்டுவார்கள், செய்யமாட்டார்கள்.

5. இப்போது உரையாடல் செயலி

சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் திறந்தவை. சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காகப் பல நாடுகளில் அந்த வலையமைப்புக்குள்ளேயே ஒரு வழி கட்டப்பட்டிருக்கிறது. அந்த வழியில் யார் நுழைவார்கள் என்பது கட்டியவர் கையில் இல்லை. கிரேக்கத்தில் 2004–05இல் அதே வசதியை யாரோ ரகசியமாகக் கைப்பற்றி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் போன்களை ஒட்டுக்கேட்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் சால்ட் டைஃபூன் என்ற ஹேக்கர் குழுவின் ஊடுருவல் வெளிப்பட்டபோது, அந்நாட்டு அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவே அதிக ஆபத்தில் உள்ளவர்களை முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலிக்கு மாறச் சொன்னது.

என் பரிந்துரை சிக்னல். வாட்ஸ்அப்பும் அதே சிக்னல் நெறிமுறையைத்தான் (மறையாக்கம் செய்யும் முறை) பயன்படுத்துகிறது, உள்ளடக்கம் இரண்டிலும் பாதுகாப்பு. வேறுபாடு மெட்டாடேட்டாவில்: யார், யாரோடு, எப்போது, எத்தனை முறை. 2016இல் அமெரிக்க கிராண்ட் ஜூரி (குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் குழு) ஒன்றின் ஆணை வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர சிக்னலிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. சேர்த்து வைக்காததைக் கொடுக்க முடியாது.

டெலிகிராமைப் பற்றி ஒரு வார்த்தை. சீக்ரெட் சாட் என்று தனியாகத் தொடங்கினால் ஒழிய அதில் முனைக்கு முனை மறையாக்கம் இல்லை. குழுக்களுக்கு அறவே இல்லை. "பாதுகாப்பான செயலி" என்று நம்பி இதற்கு மாறியவர்களைப் பின்னால் இழுப்பதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை.

சிக்னலை நிறுவியபின் செய்ய வேண்டியவை, இதே வரிசையில். பின் வைத்து, பதிவுப் பூட்டை இயக்குங்கள். உங்கள் எண்ணுக்கு நகல் சிம் எடுத்தவர் உங்கள் பெயரில் நுழைவதை அது தடுக்கும். வாட்ஸ்அப்பில் இதற்கு இணை, டூ-ஸ்டெப் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின். அப்புறம் சிக்னலில் தொலைபேசி எண்ணை யாருக்கும் காட்டாமல் வைத்து, பயனர்பெயரைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிப்போவது: பாதுகாப்பு எண்ணைச் சரிபார்ப்பது. உங்களுக்கும் எதிரில் இருப்பவருக்கும் பொதுவான 60 இலக்கம் அது; இருவரிடமும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை என்று பொருள். நேரில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், முடியாவிட்டால் குரல் தெரிந்தவரோடு அழைப்பில் படித்து ஒப்பிடுங்கள். அதே சாட்டில் அனுப்பி ஒப்பிடுவதில் பயனில்லை. நடுவில் ஒருவர் இருந்தால் அவரே அதை மாற்றி அனுப்பலாமே. புதுப் போன் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எண் மாறுவது இயல்பு. போன் மாற்றாதவரின் எண் மாறினால்தான் கேட்க வேண்டும்.

இணைத்த கருவிகளின் பட்டியலை அவ்வப்போது பாருங்கள். ரஷ்யா சார்ந்த குழுக்கள், குழு அழைப்பு போலத் தோன்றும் க்யூஆர் குறியீட்டைக் காட்டி, இலக்கானவரின் சிக்னல் கணக்கைத் தங்கள் கருவியோடு இணைத்துக்கொண்டதை கூகிளின் அச்சுறுத்தல் ஆய்வுப் பிரிவு 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. மறையாக்கத்தை யாரும் தொடவில்லை. இன்னொரு கருவிக்குச் சாவியை உரிமையாளரே கொடுத்துவிட்டார்.

6. நோட்டிபிகேஷனும் மறையும் செய்தியும்

நோட்டிபிகேஷன்கள் ஆப்பிள், கூகிள் சர்வர்கள் வழியாக வருகின்றன. அந்தப் பதிவுகளை அரசுகள் கேட்டு வாங்குவதை அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் வெளிப்படுத்தினார். செயலியின் அமைப்பில் பெயரும் செய்தியும் காட்டாதபடி வையுங்கள். பூட்டிய திரையில் செய்தி தெரிவதும் இதோடு நிற்கும்.

மறையும் செய்தியை எல்லா உரையாடலுக்கும் இயல்பாக இயக்குங்கள், நாலு வாரம் நல்ல தொடக்கம். எதிரில் இருப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை இது தடுக்காது. பிற்பாடு போன் யார் கையிலாவது சிக்கினால் அங்கே இருப்பதைக் குறைக்கும். அவ்வளவே.

7. வலையமைப்பு

பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், விளம்பரம் அப்படி. விபிஎன் உங்கள் இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து போக்குவரத்தை மறைக்கிறது, விபிஎன் நிறுவனத்துக்குக் காட்டுகிறது. நம்பிக்கை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம்.

முதலில் பிரவுசரில் எச்டிடிபிஎஸ் (தளத்துக்கும் உங்களுக்கும் இடையே மறையாக்கமான இணைப்பு) மட்டும் என்ற அமைப்பை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் அமைத்தால், எந்தத் தளத்தின் முகவரியைத் தேடுகிறீர்கள் என்பது வழியில் திறந்து போகாது. தளத்தின் பெயர் இணைப்பின் தொடக்கத்தில் வேறு வழியாகத் தெரிந்துவிடலாம் என்பதால் இதை முழுத் தீர்வாக நினைக்க வேண்டாம். யார், எங்கே போகிறார் என்ற இரண்டையும் ஒரே இடத்தில் யாரும் அறியக்கூடாது என்றால் டோர் பிரவுசர். மூன்று இடைக் கணினிகளைத் தாண்டிப் போவதால் மெதுவாக இருக்கும். அதில் போய் உங்கள் வழக்கமான கணக்கில் உள்நுழைந்தால் யார் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எந்த நிலையிலும், யார் சொன்னாலும், ரூட் சான்றிதழ் (எந்தத் தளத்தையும் உண்மையானது என்று உங்கள் கருவியை நம்பவைக்கும் அதிகாரம் தரும் கோப்பு) ஒன்றைச் சொந்தக் கருவியில் நிறுவாதீர்கள். 2019இல் கஜகஸ்தானில் இணையம் வேண்டுமானால் அரசுச் சான்றிதழை நிறுவுங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. நிறுவினால் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தையே நடுவில் திறந்து படிக்க முடியும். கூகிள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் தங்கள் பிரவுசர்களில் அந்தச் சான்றிதழைத் தடுத்தன. போனின் பாதுகாப்பு அமைப்பில் பயனர் நிறுவிய சான்றிதழ்கள் என்ற பட்டியல் இருக்கும், அது காலியாக இருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த போனில் அவர்களுடைய சான்றிதழ் இருக்கலாம். அந்தப் போனில் சொந்த விஷயம் பேசாமல் இருப்பதுதான் வழி.

மின்னஞ்சலை இவ்வளவு இறுக்கமாக்க முடியாது. புரோட்டான் மெயில் போன்றவை உள்ளடக்கத்தைப் பூட்டினாலும் தலைப்பு வரி முனைக்கு முனை மறையாக்கத்தில் சேராது. 2021இல் சுவிஸ் சட்ட ஆணை ஒன்றின்படி, பயனர் ஒருவரின் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) அந்த நிறுவனமும் பதிந்து கொடுக்க வேண்டியிருந்தது. ரகசியம் காக்க வேண்டியதை அஞ்சலில் தொடங்க வேண்டாம், சிக்னலில் தொடங்குங்கள்.

8. போன் தொலைந்ததாக வைத்துச் சோதியுங்கள்

போனை அணைத்து மேசைக்குள் வைத்துவிடுங்கள். காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சலுக்குள் போக முடிகிறதா? பாஸ்வேர்டு மேனேஜர் திறக்கிறதா? கிரிப்டோமேட்டர் பெட்டகத்தில் ஒரு கோப்பையாவது படிக்க முடிகிறதா? அநேகமாக முதல் முறையில் ஏதோ ஒன்று மாட்டும்: காகிதத்தில் பூஜ்யமா ஓ எழுத்தா என்று தெரியாது, அல்லது பாஸ்வேர்டு மேனேஜரே போனில் உள்ள அங்கீகாரச் செயலியைக் கேட்கும். அந்தச் சுழலை இப்போதே உடையுங்கள்: மேனேஜரின் மாற்றுக் குறியீடு அதற்குள்ளேயே இருக்கக்கூடாது, காகிதத்தில் இருக்க வேண்டும்.

சோதனை தேறியபின் காகிதத்துக்கு இன்னொரு நகல் எழுதி, வேறொரு கட்டடத்தில் நம்பகமானவரிடம் உறையில் ஒட்டிக் கொடுங்கள். தொடக்கத்தில் எடுத்த மறையாக்கம் இல்லாத ஹார்ட் டிஸ்க் நகல் இன்னும் மேசையில்தான் இருக்கும். முதலில் வெராகிரிப்டில் அந்த வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து, பிறகு கோப்புகளை அதில் மறுபடி ஏற்றுங்கள்.